மனை வாங்குமுன் மண்ணை அறிவோம்

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்கள், பத்து இருபது ஆண்டுகள் வாடகை வீட்டில் காலங்கழித்த பின்னர், சொந்தமாக ஒரு மனை வாங்கி வீடு கட்டிக்கொள்ள விரும்புவது இயல்பு. சேமநல நிதியிலிருந்து எடுத்த தொகை, வங்கிக் கடன், வீட்டுப் பெண்மணியின் நகை ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தே பெரும்பாலும் அம்மனையின் விலையாகின்றன. நடுத்தரக் குடும்பம் ஒன்று தன் வாழ்நாளில் ஒரு முறையே செய்யக்கூடிய பெருஞ்செலவு இது. ஆதலின் வாங்குமுன் பலவற்றை விசாரிக்கிறோம். பத்திரம் சரியாக உள்ளதா, வில்லங்கம் உண்டா, சாலை எத்தனை அடி, குடிநீர் வருமா, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், தலைவாசல் எத்திசை நோக்கும் என்றெல்லாம் கேட்கிறோம். வீட்டின் முழுப் பாரத்தையும் தாங்கப்போகும் மண் எத்தகையது என்று மட்டும் பெரும்பாலோர் கேட்பதில்லை.

சொந்த ஊரில் வாழ்வோர்க்கு அக்கேள்வி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. எந்தக் காடு செம்மண், எது களர், எந்த மேட்டில் நான்கடிக்குக் கீழே பாறை தட்டும், எந்தப் பள்ளத்தில் ஐப்பசியில் ஊற்றெடுக்கும் என்பனவற்றை ஊர்ப் பெரியவர்களும் கொத்தனார்களும் தலைமுறை தலைமுறையாக அறிந்திருப்பர். வெளிமாநிலத்துக்குப் பெயர்ந்து வந்தவருடன் அந்த அறிவு கூட வருவதில்லை. அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஊரில் கற்ற வழக்கம் மட்டும் கூடவே வருகிறது. புதுக்கோட்டைச் சீமையின் சரளைச் செம்மண்ணில் மூன்றடி நான்கடி அஸ்திவாரத்தின்மேல் எழுந்த வீடுகள் அசையாது நிற்பதைக் கண்டு வளர்ந்த ஒருவர், நாகபுரியிலோ ஷோலாப்பூரிலோ அதே அளவில் அஸ்திவாரம் போட்டால் போதும் என்று எண்ணிவிடுகிறார். அவ்வாறு எண்ணியதன் விலையை இரண்டாவது மழைக்காலத்திலோ மூன்றாவது மழைக்காலத்திலோ சுவர் காட்டுகிறது.

மண்ணை நிறத்தைக் கொண்டும் மதிப்பிடலாகாது. அதில் விளையும் பயிரைக் கொண்டும் மதிப்பிடலாகாது. மழையில் அது என்ன செய்கிறது, வெயிலில் அது என்ன செய்கிறது என்ற இரண்டையும் கண்டே மதிப்பிட வேண்டும். இவ்வுரை வலியுறுத்த விரும்புவது இஃது ஒன்றே.

மண்ணும் நீரும்

மண் என்பது பல அளவுள்ள துகள்களின் கூட்டம். இந்தியத் தர நிர்ணயப்படி 0.075 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள் மணல், அதற்கும் 0.002 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டது வண்டல். அதனினும் நுண்ணியது களி. மணலில் நீர் எளிதாகப் புகுந்து எளிதாக வெளியேறும்; நீர் வந்தாலும் போனாலும் மணலின் பருமன் பெரிதும் மாறுவதில்லை. களியிலோ நீர் மெல்லப் புகும். புகுந்த நீர் எளிதில் வெளியேறாது. களியின் துகள்கள் உருண்டை வடிவின அல்ல; ஏட்டுச் சுவடிபோல் தகடு தகடாக அடுக்கப்பட்டவை. சிலவகைக் களிகளில் அத்தகடுகளுக்கிடையே நீர் நுழைந்து அவற்றை விலக்குகிறது. அப்போது மண் உப்புகிறது. நீர் வற்றினால் சுருங்குகிறது. இவ்வாறு உப்பிச் சுருங்கும் களியுள் முதன்மையானது மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம். நம் நாட்டுக் கரிசல் மண்ணின் இயல்புக்குக் காரணம் இதுவே.

கரிசல் நிலம்

சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் தக்காணத்தில் பூமி பிளந்து, எரிமலைக் குழம்பு அலையலையாகப் பரவி இறுகியது. இன்றும் ஏறக்குறைய ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் அக்கரும்பாறை காணப்படுகிறது. அப்பாறை சிதைந்து உண்டான கரிசல் மண், மகாராஷ்டிரத்தின் பெரும் பகுதியிலும், மத்தியப் பிரதேசத்தின் மாளவப் பகுதியிலும், குஜராத்திலும், வட கர்நாடகத்திலும், தெலங்கானத்திலும் விரிந்து கிடக்கிறது. புனே, நாகபுரி, இந்தூர், போபால், ஹூப்ளி ஆகிய ஊர்களில் பணிபுரியும் தமிழர்கள் நாள்தோறும் மிதிக்கும் மண் இது. கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரத்தினர்க்கு இது புதியதன்று. ஏனையோர்க்கு இதன் குணத்தை விளக்குதல் வேண்டும்.

கோடையில் கரிசல் நிலத்தைப் பார்த்தால், கை நுழையும் அளவு வெடிப்புகள் ஆழமாக ஓடியிருக்கும். மழை பெய்தவுடன் அவ்வெடிப்புகள் நீரை விழுங்கும். பின்னர் மண் உப்பி, வெடிப்புகள் மூடி, நிலம் முழுவதும் ஒட்டும் சேறாகும். ஆண்டுதோறும் நிகழும் இந்த ஏற்ற இறக்கம் தரையோடு நின்றுவிடுவதன்று. ஆழ்ந்த கரிசலில் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழம்வரை அதன் விளைவு உண்டு. அதன் கீழேதான் ஈரம் ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருக்கிறது. ஆகவே, ஒரு மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்ட அஸ்திவாரம் அசையும் மண்ணின்மேல் நிற்கிறது. வீட்டை ஆண்டுக்கொரு முறை மண் தூக்குகிறது. ஆண்டுக்கொரு முறை இறக்குகிறது.

வீடு முழுவதும் ஒரே சீராக ஏறி இறங்கினால் பெருந்தீங்கு இல்லை. அவ்வாறு நிகழ்வதில்லை என்பதே துன்பம். வீட்டின் நடுவே தரைத்தளம் மண்ணை மூடியிருப்பதால் அங்கே ஈரம் ஆவியாகாமல் தங்குகிறது. மண் உப்பிய நிலையிலேயே இருக்கிறது. ஓரங்களிலோ வெயிலும் மழையும் மாறி மாறிப் படுகின்றன. நடுப்பகுதி மேலே தள்ள, ஓரங்கள் கோடையில் கீழே இறங்க, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்புகிறது. மழைக்காலத்தில் கதவு சட்டத்தில் இறுகிக்கொள்கிறது, கோடையில் தளர்கிறது. பூசி வண்ணம் தீட்டினாலும் அடுத்த ஆண்டு அதே இடத்தில் விரிசல் தோன்றுகிறது. காரணம் சுண்ணாம்பிலோ சிமெண்டிலோ இல்லை. கீழே உள்ள மண்ணில் உள்ளது.

இங்கே பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. கனமான பல மாடிக் கட்டடத்தைவிட இலேசான ஒரு மாடி வீடே கரிசலில் அதிகத் துன்பத்துக்கு உள்ளாகிறது. பெருங்கட்டடத்தின் பாரம் மண்ணின் உப்பலை ஓரளவு அமுக்கி வைக்கும். சிறு வீட்டின் பாரம் அதற்குப் போதாது. ‘சின்ன வீடுதானே, மண் பரிசோதனை எதற்கு’ என்ற கேள்வி ஆதலால் முற்றிலும் பிழையானது.

இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் 1947-இல் தொடங்கப்பெற்ற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், கரிசல் நிலத்துக்கு ஏற்ற ஒருவகைத் தூண் அஸ்திவாரத்தைப் பரப்பியது. தரையில் குறுகிய துளையிட்டு, அதன் அடிப்பகுதியை மட்டும் குடம்போல் அகலமாக்கி, கம்பியும் காங்கிரீட்டும் நிரப்புவர். குடம் போன்ற அப்பகுதி அசையாத ஆழத்தில் ஊன்றி நிற்பதால், மேல்மண் உப்பும்போது தூண் மேலெழாது, சுருங்கும்போது இறங்காது. ஆழ்ந்த கரிசலில் இத்தூணின் நீளம் மூன்றரை மீட்டருக்குக் குறையலாகாது என்பது இந்தியத் தர விதி. தூண்களை இணைக்கும் உத்திரத்தின் கீழே சிறிது வெற்றிடம் விடுவர். மண் உப்பி உத்திரத்தை முட்டாதிருக்கவே அந்த ஏற்பாடு. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் ஆர்.கே. காட்டி வேறொரு முறையைக் காட்டினார். கரிசலின் மேற்பகுதியை அகற்றி, உப்பும் இயல்பில்லாத ஒட்டு மண்ணைச் சுமார் ஒரு மீட்டர்க் கனத்துக்கு இட்டு இறுக்கினால், கீழே உள்ள கரிசலின் உப்பல் அடங்குகிறது என்பது அவருடைய ஆராய்ச்சியின் முடிவு. கரிசலின் ஆழம் குறைவாயின், அதை முழுவதும் தோண்டி எடுத்து, கீழே உள்ள ‘முரும்’ என்னும் சிதைந்த பாறைமேல் அஸ்திவாரம் நிறுத்துவதே எளிய வழி.

எம்முறையைக் கைக்கொண்டாலும், வீட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் அகலத்துக்கு நீர் புகாத தளம் அமைத்தலும், கூரை நீரைக் குழாய் வழியே தொலைவில் விடுதலும், சுவரோரம் மரம் நடாதிருத்தலும் இன்றியமையாதன. அரசும் தைலமரமும் போன்ற பெருமரங்கள் கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிச் சுருக்கத்தை மிகுதியாக்கும். வளர்ந்தபின் ஒரு மரம் எவ்வளவு உயரம் இருக்குமோ, குறைந்தது அவ்வளவு தூரத்தில் அதை நடுதல் நன்று.

வண்டல் சமவெளி

டில்லி, கான்பூர், லக்னோ, பாட்னா முதலிய நகரங்கள் கங்கை யமுனையின் வண்டலின்மேல் அமைந்தவை. ஒரே நகரிலும் மண் ஒரே தன்மையாய் இராது என்பதற்கு டில்லியே தக்க சான்று. ராமகிருஷ்ணபுரத்தில் தமிழர்கள் எழுப்பிய மலை மந்திர் நிற்பது ஆரவல்லித் தொடரைச் சார்ந்த பாறைக் குன்றின்மேல். யமுனைக்குக் கிழக்கே, தமிழர் பலர் வாழும் மயூர் விஹார் பக்கம் சென்றாலோ, நெடிய ஆழத்துக்கு மணலும் வண்டலுமே.

வட இந்தியர் வண்டலை இருவகையாகப் பிரித்து வழங்குவர். ஆற்று வெள்ளம் எட்டாத பழைய மேட்டு வண்டல் ‘பாங்கர்’. வெள்ளம் வந்து புதுப்பிக்கும் தாழ்ந்த வண்டல் ‘காதர்’. பாங்கரில் சுண்ணாம்புக் கற்கள் கலந்து மண் இறுகியிருக்கும். காதரில் மண் தளர்ந்தும், நிலத்தடி நீர் மேலெழுந்தும் இருக்கும். காதர் என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய குடியிருப்புகள் டில்லியில் உள்ளன. அங்கே மலிவாகக் கிடைக்கும் மனை ஏன் மலிவு என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், டில்லிப் பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டர் உயர்ந்தது. 1978-இல் எட்டிய 207.49 மீட்டரையும் அது கடந்தது. பல ஆண்டுகளாக ஆறு வராத இடம் என்பது, ஆறு வராத இடம் என்று பொருள்படாது.

தளர்ந்த மணலில் நீர் நிறைந்திருக்கும் இடங்களில் வேறோர் அபாயமும் உண்டு. நில அதிர்ச்சி ஏற்படும்போது அம்மணல் தன் திண்மையை இழந்து குழம்புபோல் ஆகிவிடும். 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் நிகழ்ந்த பீகார் நிலநடுக்கத்தில், வடபீகாரின் பெரும் பரப்பில் நிலம் பிளந்து மணலும் நீரும் பீறிட்டன, வீடுகள் சாய்ந்தன, பல அமிழ்ந்தன. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் கட்ச் பகுதியிலும் இத்தகைய நிகழ்ச்சி காணப்பட்டது. ஆகவே சமவெளியில் மனை வாங்குவோர் நிலத்தடி நீர்மட்டம் எத்தனை அடியில் உள்ளது என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். அதையும் கோடையில் கேட்டால் ஒரு விடை வரும். ஆவணியில் கேட்டால் வேறு விடை வரும். பின்னதே நமக்கு உரியது.

தூர்த்த நிலம்

ஏரி, குளம், சதுப்பு ஆகியவற்றைத் தூர்த்து மனைகளாக்குவது நகரங்கள் வளரும் முறை. சென்னைத் தியாகராய நகரே, 1920-களில் நீண்ட ஏரியின் பகுதியை வடித்து எழுந்ததுதான். கல்கத்தாவின் கிழக்கே உப்பு ஏரியில், 1960-களில் ஹூக்ளி ஆற்றின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து நிரப்பி ஒரு புது நகரமே அமைக்கப்பட்டது. முறையாக நிரப்பி, மண் இறுகக் காலம் கொடுத்து, அதற்கேற்ற அஸ்திவாரம் போட்டால் இத்தகைய நிலத்திலும் வாழலாம். ஆனால் சிறு மனைத் தரகர்கள் குளத்தில் கொட்டுவது பெரும்பாலும் கட்டட இடிபாடும் குப்பையுமே. அதன்மேல் இரண்டடி செம்மண் பரப்பிவிட்டால் பார்ப்பவர்க்கு மேட்டு நிலம்போலவே தோன்றும். குப்பை மக்க மக்க, நிலம் பல ஆண்டுகள் ஒழுங்கின்றி அமிழ்ந்துகொண்டே இருக்கும்.

கல்கத்தாவின் இயற்கையான மண்ணும் கவனத்துக்குரியது. மென்மையான களிமண்ணும், மக்கிய மரஞ்செடிகளாலான கரிய படிவமும் அங்கே அடுக்கடுக்காக உள்ளன. கட்டடம் எழுந்த பின்னரும் அம்மண் நீரை மெல்ல மெல்ல வெளியேற்றி ஆண்டுக்கணக்கில் இறங்கும். பக்கத்தில் புதிய பெருங்கட்டடம் எழுந்தால், பழைய வீடும் அப்பக்கமாகச் சாய்வதுண்டு.

பெங்களூரில் மண் பொதுவாக நல்ல செம்மண். கீழே உறுதியான பாறை. அங்குள்ள இடர் மண்ணில் இல்லை, இடத்தில் உள்ளது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றாக நீர் இறங்கும்படி முன்னோர் அமைத்த ஏரிச் சங்கிலி அந்நகரம். மத்தியப் பேருந்து நிலையம் நிற்பது தர்மாம்புதி ஏரியில். கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்பது சம்பங்கி ஏரியில். ஏரிகளை இணைத்த கால்வாய்களும் மறைந்தபின், நீர் தன் பழைய வழியையே தேடுகிறது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெள்ளந்தூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் படகு ஓடியதன் காரணம் இதுவே.

கேரளத்திலும் கோவாவிலும் காணப்படும் வெட்டுக்கல் மண்ணைக் குறித்து ஒரு வார்த்தை. பிரான்சிஸ் புக்கானன் என்பார் மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறத்தில் கண்டு, 1807-இல் வெளிவந்த தம் நூலில் உலகுக்கு அறிவித்த மண் அது. வெட்டும்போது மென்மையாயும், காற்றுப்பட்டபின் கடினமாயும் இருப்பதால் கட்டடத்துக்கு உகந்தது. எனினும் மேலே கடினமாகக் காணும் அதன் அடியில் மென்மையான களி இருத்தல் கூடும். சரிவான இடங்களில் இதை ஆராயாது கட்டுதல் தகாது.

பெயரைக் கேளுங்கள்

சொற்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நேயர்களுக்கு ஒன்று கூறுவேன். ஒவ்வொரு மொழியும் தன் நிலத்தின் இயல்பைச் சில சொற்களில் பொதிந்து வைத்திருக்கிறது. அச்சொற்களை அறிந்து அவ்வூர் மொழியிலேயே கேட்டால், அண்டை வீட்டாரும் கிணறு வெட்டுவோரும் மனந்திறந்து விடை தருவர். நம் கரிசலை மராட்டியர் ‘காளி மாத்தி’ என்பர். தெலுங்கர் ‘நல்ல ரேகடி’ என்பர். கன்னடர் ‘எரெ மண்ணு’ என்பர். இந்தியில் ‘சிக்னி மிட்டி’ என்றால் களிமண். ‘பலுயி’ என்றால் மணற்பாங்கு. ‘தோமட்’ என்றால் இரண்டும் அளவாகக் கலந்த நன்மண். ‘ஊசர்’ என்றால் களர். வங்காளியில் ‘எண்டேல்’ என்பது களி. ‘பேலே’ என்பது மணல். ‘தோஆஞ்ச்’ என்பது இருவகையும் கலந்தது.

ஊர்ப்பெயர், தெருப்பெயர்களும் சான்று கூறும். கன்னடத்தில் ‘கெரே’, தெலுங்கில் ‘செருவு’, ‘குண்டா’, வங்காளத்தில் ‘புக்கூர்’, மராட்டியில் ‘தலாவ்’, இந்தியில் ‘தாலாப்’, ‘ஜீல்’ என்பன யாவும் நீர்நிலையைக் குறிக்கும். பம்பாயில் ‘தோபி தலாவ்’ என்ற இடத்தில் இன்று குளம் இல்லை. பெயர் மட்டுமே உண்டு. ஹைதராபாத்தின் ‘மாசாப் டாங்க்’ என்பதும் அவ்வாறே. அந்நகரில் 2024-இல் ஏரிப் பரப்புகளில் கட்டப்பட்ட பல வீடுகள் அரசால் இடிக்கப்பட்டதை நேயர்கள் அறிவர். நீர்நிலையின் பெயர் தாங்கிய இடத்தில் மனை வாங்குவோர், வருவாய்த்துறையின் பழைய நில வரைபடத்தில் அந்த எண் எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்தே முன்பணம் கொடுக்க வேண்டும்.

நாமே செய்யத்தக்க சோதனைகள்

நம் முன்னோரின் மனை நூல்கள் ஒரு சோதனையைக் கூறுகின்றன. மனையின் நடுவே ஒரு முழக் குழி தோண்டி, எடுத்த மண்ணையே மீண்டும் இட்டு நிரப்ப வேண்டும்; மண் மிஞ்சினால் உத்தமம், சரியாயின் மத்திமம், குறைந்தால் ஆகாது. குழியில் நீர் வார்த்து நூறு அடி நடந்து திரும்பும்போது நீர் குறையாதிருந்தால் நன்று என்பது மற்றொரு சோதனை. மண் நெருக்கமாக உள்ளதா, தளர்ந்துள்ளதா என்பதை முதற்சோதனை ஓரளவு காட்டும். குப்பை கொட்டித் தூர்த்த நிலத்தைக் கண்டுகொள்ள அது இன்றும் உதவும். ஆனால் இரண்டாவது சோதனையைக் கரிசலில் செய்தால், கோடையில் வெடிப்புகள் நீரை விழுங்கிவிடும்; மழைக்காலத்தில் அதே குழியில் நீர் அசையாது நிற்கும். ஒரே மனை வைகாசியில் ஆகாததாகவும் ஆவணியில் உத்தமமாகவும் தோன்றும். எனவே அச்சோதனையை விலக்க வேண்டுவதில்லை. அதன் விடையை எக்காலத்தில் எம்மண்ணில் பெற்றோம் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும்.

வேறு மூன்று எளிய சோதனைகள் உள்ளன. மேல்மண்ணை விலக்கி, ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து மண் எடுத்துக்கொள்க.

முதலாவது: மண்ணை நீர்விட்டுப் பிசைந்து விரல்களால் திரி போல் உருட்டிப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் மணல், நூல்போல் நீண்டு அறாதிருந்தால் களி.

இரண்டாவது: கண்ணாடிச் சாடியில் மூன்றிலொரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, நன்கு குலுக்கி வைக்க வேண்டும். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் தங்கும்; வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும்; களி ஒரு நாளுக்கு மேலும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மூன்று படிவங்களின் கனத்தைக் கொண்டு மண்ணின் சேர்க்கையை உணரலாம்.

மூன்றாவது மிகப் பயனுள்ளது. இந்தியத் தர விதிகளிலும் இடம்பெற்றது. மண்ணை நன்கு உலர்த்திப் பொடித்துச் சலித்து, பத்து கிராம் வீதம் இரண்டு அளவுக் குழல்களில் இட வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த நீரும், மற்றதில் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கலக்கி, 24 மணி நேரம் வைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது; நீரில் உப்பும். மண்ணெண்ணெயில் 10 மில்லிலிட்டர் அளவில் நின்ற மண், நீரில் 17 மில்லிலிட்டராக நின்றால், உப்பல் 70 சதவீதம் என்று கொள்க. ஐம்பது சதவீதத்தைக் கடந்த மண்ணில் பொறியாளரைக் கேளாமல் வீடு கட்டலாகாது.

பொறியாளரிடம் கேட்பன

இச்சோதனைகள் எச்சரிக்கை தருவனவேயன்றி, அஸ்திவாரத்தின் ஆழத்தை முடிவு செய்வன அல்ல. அதற்கு மண் பரிசோதனைச் சாலையின் அறிக்கை வேண்டும். சிறு வீட்டுக்கு மனையின் நடுவே ஒரு சோதனைக் குழியே போதும் என்று தர விதி இடம் கொடுக்கிறது. ஒரு ஏக்கர் அளவுள்ள இடமாயின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் துளையிட்டுப் பார்க்க வேண்டும். அறிக்கையில் மண்ணின் அடுக்குகள், நிலத்தடி நீர்மட்டம், அது அளக்கப்பட்ட மாதம், மண் தாங்கும் பாரம், உப்பும் தன்மை, உப்புச் சத்து ஆகியவை உள்ளனவா என்று பார்க்க வேண்டும். அதற்காகும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறிய பகுதி. விரிசல் கண்ட வீட்டைச் செப்பனிடும் செலவோ பெரிது.

அடுக்குமாடி வீடு வாங்குவோர் இதில் தமக்குத் தொடர்பில்லை என்று எண்ணலாகாது. அவ்வறிக்கையின் படியைக் கட்டுநரிடம் கேட்டுப் பெறலாம். 2016-ஆம் ஆண்டின் வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை காணப்பட்டால், தெரிவித்த முப்பது நாட்களுக்குள் கட்டுநர் தம் செலவிலேயே அதைச் சரிசெய்தாக வேண்டும். விரிசல் தோன்றிய தேதியைப் படத்துடன் குறித்து, எழுத்து மூலம் தெரிவித்தல் நம் கடமை.

தோட்டம்

வீட்டைத் தாங்கும் மண் வேறு, செடியை வளர்க்கும் மண் வேறு. எங்குச் சென்றாலும் தமிழர் முதலில் நட விரும்புவன கறிவேப்பிலை, முருங்கை, வாழை, மல்லிகை. கரிசலில் முருங்கையின் வேர் மழைக்கால நீரில் அழுகும். பாத்தியைத் தரைக்கு மேலே உயர்த்தி, மணலும் மக்கிய எருவும் கலந்து நடவேண்டும். வாழைக்குக் கரிசல் ஏற்றது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் மல்லிகையின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பசுமையாக இருந்தால், அது இரும்புச் சத்துக் குறைவு. நீர் மேலும் மேலும் ஊற்றுவதால் தீராது. உத்தரப் பிரதேசம், ஹரியானா மாநிலங்களின் களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுதல் மருந்து. கர்னாலில் 1969-இல் நிறுவப்பட்ட மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் இம்முறையை விரிவாக ஆராய்ந்து பரப்பியது. கேரளத்திலும் அஸ்ஸாமிலும் மண் புளிப்புத் தன்மை உடையதாதலால் அங்கே வேண்டுவது சுண்ணாம்பு. ஒரு நாட்டு மருந்து மறு நாட்டில் நஞ்சாகும் என்பது மண்ணுக்கும் பொருந்தும். புதிய குடியிருப்புகளில் கட்டுநர் விட்டுச்சென்ற சிமெண்டுக் குவியலை இரண்டடி ஆழம் அகற்றிய பின்னரே செடி வைத்தல் நன்று.

மண்ணின் சத்தை அறிய அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். நாட்டின் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் உண்டு. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு இயல்புகளை அளந்து தருகிறது. நாகபுரியில் உள்ள தேசிய மண் ஆய்வு நிறுவனம் மண் வரைபடங்களை வெளியிட்டுள்ளது. அவற்றில் நம் மாவட்டத்தைக் கண்டால், கேள்வியை எங்கே தொடங்குவது என்பது விளங்கும்.

இறுதியாக ஒன்று. மனையைப் பார்க்கச் செல்லும் நாள் பெரும்பாலும் தரகர் குறித்த நாளாகவே இருக்கிறது. அது பெரும்பாலும் வெயில் நாளாகவும் இருக்கிறது. கூடுமானால் ஒரு கோடையிலும் ஒரு மழையிலும் அவ்விடத்தைப் பாருங்கள். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதாயின், பக்கத்து வீட்டின் வெளிச்சுவரையும் சன்னல் மூலைகளையும் பாருங்கள். அவ்வீட்டாரிடம் மழைக்காலத்தில் கதவு மூடுகிறதா, கிணற்றில் நீர் எவ்வளவு ஏறுகிறது, தெருவில் எத்தனை நாள் நீர் தங்குகிறது என்ற மூன்றையும் அவர்கள் மொழியிலேயே கேளுங்கள். விற்பவர் கூறாத விடை அங்கே கிடைக்கும். அதன் பின்னரே முன்பணம் கொடுங்கள்.